பயன்: உண்டு / இல்லை

கொழும்பில் புறப்படுகிற எந்த நல்ல யோசனையும் கினிகத்தேனையைத் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். வளைவு வளைவாக மலையேறி நீலகந்தை ஆதார வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது, பெற்றவரே வந்து நின்றாலும் அதை அடையாளம் கண்டுகொள்ள முடியாது.

பங்குனி மாதம் வந்த சுற்றுநிருபத்துக்கும் அதுதான் நடந்தது. ஒன்றரைப் பக்கம். வயிற்றுவலி, இரத்தப்போக்கு என்று அவசரப் பிரிவுக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் உள்பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்ற முடிவை அது மாற்றும் என்றால் மட்டும், அவளுடைய சம்மதத்தோடு, மறைவான இடத்தில், ஒரேயொரு தடவை செய்யுங்கள். அதற்காக ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் காக்கவைக்காதீர்கள். இவ்வளவுதான் விஷயம். எழுதியவர் மலைப்பக்கம் வந்ததில்லை போலும். வாசித்தால் விளங்கிவிடும் என்று நம்பியிருக்கிறார்.

வைத்திய அத்தியட்சகர் வீரபத்திரன் அதை மூன்று தடவை வாசித்தார். ஹட்டன் பஜாரில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மேசையில் விரித்துக் காட்டாத துணியை அவர்கள் விற்றதுமில்லை, மடித்ததுமில்லை. அவர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"தேவையென்றால் மட்டும் செய்யுங்கள் என்கிறார்கள். மிக நல்லது. ஆனால் தேவை இருந்ததா, இல்லையா என்பது செய்து பார்த்தபிறகுதானே தெரியும்? கறியை வாயில் வைக்காமலே உப்பில்லை என்று சொல்லும் ஒருவரை நாம் நம்புவோமா?"

நம்பமாட்டோம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் இரவுக் கடமை முடித்து வந்தவர்கள். அது தூக்கத்திலும் ஆடியிருக்கலாம்.

அப்படிப் பிறந்ததுதான் ப-7 என்ற படிவம். அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு வைத்தியர் பரிசோதித்து, கடைசிக் கட்டத்தில் 'பயன்: உண்டு / இல்லை' என்பதில் பொருந்தாததை வெட்டவேண்டும். ஒருவர் சொல்லை மட்டும் நம்பினால் நியாயமில்லை என்பதால், இரண்டாவது வைத்தியர் ஒருவரும் பரிசோதித்து வெட்டவேண்டும். இரண்டு வெட்டும் ஒத்துப்போனால் படிவம் நிறைவு. படிவம் நிறைந்தால் ஸ்கேன். ஆக, முன்பு தேவையில்லாமல் ஒரு தடவை நடந்துகொண்டிருந்த காரியம், தேவையில்லை என்று நிரூபிப்பதற்காக இப்போது இரண்டு தடவை நடந்தது. இதற்கு மாகாண அளவில் ஒரு விருது கிடைக்கக்கூடும் என்று பேச்சு.

நாகலெட்சுமிக்கு இதெல்லாம் தெரியாது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு வலது பக்க அடிவயிற்றில் யாரோ கவ்வாத்துக் கத்தியைச் செருகித் திருகியதுபோல் ஒரு வலி. மாதவிலக்காகித் தலை குளித்து நாற்பத்துமூன்று நாள். போன வாரம்தான் குடும்பநல மாது சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நேற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் படுகிறது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன் பிரதாப்பிடம் இரண்டு கோட்டைத்தான் சொல்லியிருந்தாள்; உதிரத்தை இன்னும் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை ஜீவராஜ் அந்த நேரத்தில் அவள் கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முற்றின இலை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கங்காணி ஏற்கெனவே கைவிட்டுப் பார்த்திருந்தார். நிறுக்கும் இடத்தில் இன்னொருவர் பார்ப்பார். மலையில் யாரும் மற்றவர் கையை நம்புவதில்லை.

"ஐயா, வயிறு தாங்க முடியலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு குடுங்க."

"நேத்து அழகம்மைக்கு வயித்துவலி. இன்னைக்கு ஒனக்கு. இந்த மலையில வயிறு இல்லாத ஆளு நான் ஒருத்தன்தான் போலருக்கு."

பக்கத்து நிரையிலிருந்து சர்மிளா நிமிர்ந்தாள். லயத்தில் நாகலெட்சுமிக்கு அடுத்த வீடு. அவள் வாய்க்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் பயப்படும்.

"பெல்ட்டுக்கு மேல தொங்குறது என்னங்க ஐயா அப்ப? கூடையா?"

நிரையெல்லாம் சிரித்தது. ஜீவராஜ் அவசரமாகத் துண்டு எழுதினார். "போறவ ஆஸ்பத்திரித் துண்டோட வரணும். துண்டுல என்ன இருக்கோ அதுதான் எனக்குக் கணக்கு" என்றார்.

ஆட்டோ கீழிறங்கும்போது நாகலெட்சுமி சொன்னாள்: "சர்மிளா, இப்ப தோளும் வலிக்குதுடி. வலது தோளு. மூச்சு இழுத்தா குத்துது."

"வயித்துவலிக்காரிக்குத் தோள் என்னாத்துக்கு வலிக்குது?"

"தெரியல. நாலு மணிக்குள்ள வந்துரலாமா? சுலக்ஷனாவ பிள்ளைக் காம்பிராவுலேருந்து எடுக்கணும்." மலைக்கு வரும் தாய்மார் குழந்தைகளை விட்டுவரும் அறை அது; சுலக்ஷனா அவள் மகள்.

அவசரப் பிரிவின் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு புதுத் திரை தொங்கியது. 'கண்ணியத் திரை' என்று மேலே மூன்று மொழியில் எழுதியிருந்தது. உள்பரிசோதனைக்கு வரும் பெண்களின் மறைவுக்கென்று வாங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்கு விருதுக் குழுவினர் வந்து திறந்துவைக்கவிருந்ததால், அதுவரை யாரும் அதற்குப் பின்னால் போகக்கூடாது. அதனால் பரிசோதனை திரைக்கு முன்னால் நடந்தது. சிற்றூழியர் அம்மாக்கண்ணு ஒரு படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சர்மிளாவிடம் கொடுத்தார்.

"ஒசத்திப் புடிம்மா. நேத்து ஒருத்தி தும்மிப்புட்டு விரிப்ப விட்டுட்டா. ஓ.பி.டி. வரிசை பூரா இந்தப் பக்கம் திரும்பிருச்சு."

டொக்டர் நிரோஷன் வயதில் சின்னவர், கெட்டவர் அல்ல. நாற்பத்துமூன்று நாள், வலது பக்க வலி, உதிரம் என்று கேட்டவுடனேயே கரு இடம் மாறித் தங்கியிருக்கக்கூடும், ஸ்கேன் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பரிசோதித்தாலும் ஸ்கேன்தான், பரிசோதிக்காவிட்டாலும் ஸ்கேன்தான். ஆனால் அதை எழுதும் இடம் படிவத்தின் அடியில் இருந்தது. அடிக்குப் போகவேண்டுமானால் தலையிலிருந்துதான் இறங்கவேண்டும்.

"வேற எங்கயும் வலி இருக்கா?"

"தோள்ல டொக்டர்."

"கூடை தூக்குறீங்கதானே?"

"கூடைக் கயித்த நாங்க தலையிலதான் டொக்டர் மாட்டுறது."

நிரோஷன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். தோளுக்குக் கட்டம் இல்லை. பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.

சம்மதக் கடிதம் வந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதென்பதால் சிங்களத்தில் இருந்தது. அம்மாக்கண்ணு விளக்கினார்.

"கையெழுத்துப் போடும்மா. மொதப் பக்கத்துல சம்மதம்னு போட்டாத்தான், வேணாம்னு சொல்ல ஒனக்கு உரிமை இருக்குங்குற ரெண்டாம் பக்கத்தக் காட்டுவாங்க."

நாகலெட்சுமி போட்டாள். விரிப்புக்குப் பின்னால் படுத்து, கூரைத் தகட்டில் எத்தனை ஆணி என்று எண்ணினாள். பதினேழு. கூடைக்குள் கை போகும்போது பறிக்கிறவள் வேறெங்காவது பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்கு அவளுக்குப் பழக்கமிருந்தது. இதற்கும் அந்தப் பழக்கமே உதவியது.

நிரோஷன் 'உண்டு' என்பதை வெட்டினார். மிஞ்சியது 'இல்லை'. கீழே, 'ஸ்கேன் உடனடியாக' என்று எழுதி அடிக்கோடும் இட்டார்.

ஸ்கேன் அறை எதிரிலேயே இருந்தது. எட்டு எட்டு வைத்தால் போதும். மெஷின் உயிரோடு 'உம்'மென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பொறுப்பாக இருந்த டொக்டர் கோசலா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டாவது வெட்டு இல்லையே. நான் பாத்துட்டா, பிறகு என்கிட்டதான் விளக்கம் கேப்பாங்க."

இரண்டாவது வெட்டுக்கு டொக்டர் அனோஜா வந்தார். இருபத்தாறு மணி நேரமாகக் கடமையில் இருப்பவர். சிங்களக்காரர், தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டி வரும். "சமாவென்ன நங்கி" என்று முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரியில் படிவத்தில் இல்லாத ஒரு வார்த்தையை முதலில் சொன்னவர் அவர்தான். விரிப்பு மறுபடி உயர்ந்தது. பதினேழு ஆணி. இந்தத் தடவை வலது பக்கம் கை பட்டதும் நாகலெட்சுமி கத்திவிட்டாள்.

அனோஜா 'இல்லை' என்பதை வெட்டினார்.

"டொக்டர், நீங்களும் இல்லைன்னு மிச்சம் வச்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமே!" என்றார் நிரோஷன்.

"அவங்களுக்கு வலிக்குது. வலிக்க இல்லன்னு நான் எப்படி வெட்டுறது?"

உண்மையை எழுதியதுதான் பிழையாகிப்போனது. ஒருவர் உண்டு, ஒருவர் இல்லை. கருத்து வேறுபாடு. விஷயம் மூன்றாவது வெட்டுக்காக ஆஸ்பத்திரிக் குழுவுக்குப் போகவேண்டும். அனோஜா அத்தியட்சகருக்குத் தொலைபேசி எடுத்து, படிவத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் ஸ்கேன் செய்ய அனுமதி தாருங்கள் என்று கேட்டார். பதிலுக்கு அத்தியட்சகரே நேரில் இறங்கி வந்தார். முகத்தில் கல்யாணக்களை.

"கருத்து வேறுபாடு! ஐந்து மாதமாக இதற்குத்தான் காத்திருக்கிறேன். எல்லாப் படிவமும் ஒத்துப்போனால் விருதுக் குழு நம்பாது. இது அசல். இந்தத் தாயை அப்படியே வைத்திருங்கள். குழுவின் முன்னிலையில் முடிவெடுப்போம். எப்படிச் செயற்படுகிறோம் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்."

"சேர், இது காத்திருக்கும் கேஸ் இல்லை" என்றார் அனோஜா.

"காத்திருக்கலாமா கூடாதா என்பதற்கும் நமக்கு ஆதாரம் வேண்டுமல்லவா, டொக்டர்?"

அதற்குள் அனோஜாவைப் பிரசவ விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடினார். நாகலெட்சுமியைத் திரையோரத்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். கையில் ஒரு போத்தல் சேலைன் ஏறியது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்தது.

"ஐயா, புள்ளைக்குக் கையெல்லாம் சில்லுன்னு இருக்குங்க" என்றாள் சர்மிளா.

"மலைப்பிரதேசம்தானே, அம்மா" என்றார் அத்தியட்சகர், கனிவோடு.

இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கே விருதுக் குழு வந்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரியில் குறித்த நேரத்தில் நடந்த ஒரே காரியம் அது. மூன்று பேர், ஒரு புகைப்படக்காரர். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வீரபத்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மதிப்புக்குரிய குழுவினரே, பெண்ணின் கண்ணியம் என்பது எங்களுக்கு வெறும் வார்த்தை அல்ல, அது பதினொரு பக்கம். தேவையற்ற பரிசோதனையை ஒழிப்பதில் நாங்கள் மாவட்டத்துக்கே முன்னோடி. கடந்த ஐந்து மாதங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பரிசோதனைகள் தேவையற்றவை என்று, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து, ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறோம்!"

கை தட்டினார்கள். குழுவில் வயதான ஒருவர் மட்டும் கையைத் தட்டாமல் தூக்கினார்.

"பயன் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது நோயாளிக்குக் கிடைக்கும் பயனா?"

"சிறந்த கேள்வி. நோயாளியின் பயன் அடுத்த கட்டம். அதற்கு ப-8 தயாராகி வருகிறது."

நாகலெட்சுமிக்குப் பேச்சு எங்கோ ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது. வலிகூட இப்போது தூரத்தில்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் உடம்பில் தெம்பு வேண்டும். சுவர் மணிக்கூட்டில் இரண்டரை. நாலுக்குப் பிள்ளைக் காம்பிராவைப் பூட்டிவிடுவார்கள்.

"சர்மிளா, வா வீட்டுக்குப் போவோம். இவங்க வேலையா இருக்காங்க. இன்னொரு நாளைக்கு வரலாம்."

எழுந்தாள். தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. கைக்கு எட்டிய எதையோ பிடித்தாள். அது சிவப்பு ரிப்பன்.

கண்ணியத் திரை கம்பியோடு இறங்கி அவள்மேல் விழுந்தது. திறப்புவிழா முடிந்துவிட்டதென்று நினைத்து இரண்டு பேர் கை தட்டினார்கள். புகைப்படக்காரர் பழக்கதோஷத்தில் அழுத்தினார். திரைக்குப் பின்னால் சக்கரம் கழன்ற ஒரு நாற்காலியும், கூரை உயரத்துக்குப் பெட்டி பெட்டியாகத் தமிழ்ச் சம்மதப் படிவங்களும் இருந்தன.

சத்தம் கேட்டு விடுதியிலிருந்து அனோஜா ஓடிவந்தார். நாடியைப் பிடித்தார். சர்மிளா அழுதுகொண்டே கத்தினாள்: "காலையிலேருந்து தோள் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கா டொக்டர்! யாரும் காதுல போட்டுக்கல!"

"தோளா?" அனோஜாவின் முகம் மாறியது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் தோள் வலிக்கும் என்பது எந்த வைத்திய மாணவருக்கும் தெரிந்த பாடம். "யாரும் எழுத இல்லையே!"

பதிலுக்குக் காத்திராமல் ட்ரொலியை அவரே தள்ளினார். நிரோஷன் மறுபக்கம் பிடித்தார். எட்டு எட்டு. வாசலில் கோசலா, "மூணாவது வெட்டு..." என்று வாயெடுத்தவர், அனோஜாவின் கண்ணைப் பார்த்துவிட்டு விலகி நின்று மெஷினை அவர் பக்கம் திருப்பிவிட்டார். படிவம் கீழே விழுந்தது. ட்ரொலியின் சக்கரம் அதன்மேல் ஏறிப்போனது.

ஸ்கேன் இரண்டு நிமிடம் எடுத்தது. வயிறு நிறைய இரத்தம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு உள்ளே போனவள், நான்கு போத்தல் இரத்தம் ஏற்றி, வலது பக்கக் கருக்குழாயும் இரண்டு கோட்டுக்குச் சொந்தமான அதுவும் இல்லாமல் வெளியே வந்தாள். அன்று சுலக்ஷனாவைப் பிள்ளைக் காம்பிராவிலிருந்து அழகம்மை எடுத்துப் போனாள். பிரதாப் விடியற்காலை பஸ்சில் வந்து இறங்கி, கட்டில் பக்கத்தில் நின்று, போர்வையைச் சரிசெய்தான். அதையே மறுபடியும் செய்தான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு சிக்கல். ப-7 இன்னும் மூடப்படவில்லை. மூன்றாவது கருத்து பாக்கி. சக்கரத் தடம் பதிந்த படிவத்தை எடுத்துக்கொண்டு வீரபத்திரன் கட்டிலருகே வந்தார்.

"தாய் உயிரோடு இருக்கிறார். ஆகவே, பயன் உண்டு" என்று அறிவித்து வெட்டினார். "அம்மா, உங்களால் எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கிறது."

"சந்தோசங்க" என்றாள் நாகலெட்சுமி.

அனோஜா ஆறு வாரத்துக்குக் கூடை தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். எழுதுவினைஞர் துண்டு கொடுத்தார். அதில் ப-7இல் உள்ளபடி இருந்தது: உள்பரிசோதனை இரு தடவை. பயன் உண்டு. அவ்வளவுதான்.

"ஒப்பரேசன் பண்ணினது?" என்று பிரதாப் கேட்டான்.

"அது வேற புத்தகம். அந்தப் புத்தகம் விருதுக் குழுவோட நுவரெலியாவுக்குப் போயிருக்கு. அடுத்த மாசம் வாங்க."

மறுநாள் காலை ஆறரைக்கு, ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் நாகலெட்சுமி துண்டை நீட்டி, ஒப்பரேசனையும் ஆறு வார ஓய்வையும் சொன்னாள். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பிரதாப் கொழும்புக்குத் திரும்பிவிட்டான். பக்கத்தில் சர்மிளா நின்றாள். ஜீவராஜ் துண்டை இரண்டு தடவை வாசித்தார்.

"சோதனை பண்ணினாங்க. பயன் உண்டுன்னு போட்டிருக்கு. அப்ப சொகமாயிட்டுதானே? ஆறு வாரம் எங்க இருக்கு? ஒப்பரேசன் எங்க இருக்கு?"

"வயித்துல இருக்குங்க ஐயா" என்றாள் சர்மிளா.

"ஒன்னையக் கேக்கல. துண்டுல இல்லாதத நான் எப்புடி நம்புறது? தையல் இருந்தா காட்டச் சொல்லு, பாப்போம்."

களத்தில் நாற்பது பெண்கள். படங்கு கட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. சர்மிளா வாயைத் திறக்கப் போனாள்; நாகலெட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு இப்போதும் கோபம் வரவில்லை. கூரையில்லாத களத்தில் எண்ணுவதற்கு ஆணியுமில்லை.

"காட்டுறேங்க ஐயா" என்றாள் மெதுவாக. "ஆனா ஆஸ்பத்திரியில அதுக்கொரு முறை வச்சிருக்காங்க. நானும் அதத்தான் பழகிட்டேன். மொதல்ல எழுதணும். யாரு பாக்குறது, எதுக்குப் பாக்குறது. பாத்தபொறகு, பாத்ததுல பயன் உண்டா இல்லையான்னு ஒண்ண வெட்டணும். கீழ ஒங்க கையெழுத்து. அப்பறம் ரெண்டாவதா ஒருத்தர் பாத்து வெட்டணும். பெரிய துரையக் கூப்பிடுங்க. அவரும் நீங்களும் ஒத்துப்போகலைன்னா கொழும்புக்கு அனுப்பிருவோம்."

துண்டைத் திருப்பி, வெறுமையான பின்பக்கத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

ஜீவராஜ் தம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் களத்தில் அவர் எழுதியதெல்லாம் மற்றவர்களின் பேர்தான். தம் பேரை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நாற்பது பெண்களும் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகம்மை, நன்றாகத் தெரியட்டும் என்று ஓரடி கிட்ட வந்தாள்.

"ஆறு வாரம்" என்று எழுதி, துண்டைத் திருப்பிக் கொடுத்தார் ஜீவராஜ். கையெழுத்துப் போடவில்லை. "போ, போ. பனியில நிக்காத."

பெரட்டு கலைந்தது. பெண்கள் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். கூடை பாதி நிறைந்ததும், முதல் நிரையில் நின்றவள் அதைக் கழற்றி, உள்ளே கைவிட வந்த கங்காணிக்கு முன்னால் வைத்து, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"எழுதிட்டுப் பாக்குறீங்களா, ஐயா?"